இந்த ஆடியில் யாரும் வெட்டவில்லை

இஞ்சாருங்கோ,

இருக்கும்போதே உங்களைப் பெயர் சொல்லி அழைத்தறியாதவள், இப்போது மட்டும் என்ன புதிதாக? செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், வாய்க்குள் நிற்கமாட்டேன் என்கிறது. உங்கள் லைலாக் செடி பூத்துவிட்டது!

காலையில் உடுப்புக் காயப்போடப் போன நம் மகள் வாணி, "அம்மா, கம் குவிக்!" என்று கத்தினாள். பாம்பாக்கும் என்று தும்புத்தடியோடு ஓடினேன். இந்த நாட்டில் பாம்பே இல்லை என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. வேலியோரம் கொத்துக் கொத்தாக, அசல் கத்தரிப்பூ நிறம். பின்வளவு முழுக்க வாசம். வாணி கமெராவில் மிச்சமிருந்த ஃபிலிம் முழுவதையும் அதற்கே எடுத்துத் தீர்த்துவிட்டாள்.

எத்தனை வருடம் இலையை மட்டும் காட்டி ஏமாற்றியது! "கிண்டி எறிஞ்சுபோட்டுக் கறிவேப்பிலை வைப்பம், கறிக்காவது உதவும்" என்று நான் நச்சரிப்பேன். "இன்னும் ஒரு வருசம் பாப்பமப்பா. இதின்ர வாசத்தை நீர் அறியேல்ல" என்பீர்கள். எயார்போர்ட் வேலைக்குப் போன முதல் வசந்தத்தில் யாரோ வீட்டு வேலிக்கு மேலால் மணந்ததாமே, அந்த ஒரு மணத்துக்காக இத்தனை பிடிவாதம்! வைகாசியில் நீங்கள் போய்விட்டீர்கள். நீங்கள் கேட்ட அந்த ஒரு வருடத்துக்காகத்தான் விட்டுவைத்தேன். இந்த முறையும் பூக்காவிட்டால் மண்வெட்டிதான் என்று முடிவும் எடுத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு மலேசியாக்கார மேரி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"உங்க வீட்டுக்காரர் இதைக் குளிர்ல வெட்டுவாரா?"

"ஓம் அக்கா, ஆடி வந்தால் அவருக்குக் கை சும்மா இராது. ஊரில திராட்சைக்கொடி வச்சிருந்தவர். வெட்டினால்தான் பூக்கும் எண்டுவார்."

"ஐயோ, இதுக்குப் போன கோடையில வந்த கொம்புலதான்மா மொட்டு இருக்கும். மனுஷன் பூவையே வெட்டிப் போட்டிருக்காரு லா!"

விழுந்து விழுந்து சிரித்தேன். இந்த நாட்டு ஆடிக் குளிரில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, தெருவெல்லாம் ரோசாச்செடி வெட்டுகிறார்கள் என்று நீங்களும் கிளம்பி, மொட்டுகளை எல்லாம் உங்கள் கையாலேயே நறுக்கிவிட்டு, ஐப்பசி வசந்தத்தில் செடிக்கு முன்னால் போய் நின்று, "உனக்கு என்ன குறை வச்சனான்?" என்று கேட்பீர்களே!

சிரிப்பு நடுவில் நின்றுவிட்டது. இந்த ஆடியில் வெட்டுவதற்கு நீங்கள் இல்லை. அதனால்தான் பூத்திருக்கிறது. இதை உங்களிடம் எப்படிச் சொல்வது? சந்தோசப்படவா, செடியோடு கோபிக்கவா? அழுதேன். பிறகு ஒரு கொத்து வெட்டி உங்கள் படத்துக்கு வைத்தேன். அறையெல்லாம் மணக்கிறது. உங்களுக்கு மணக்கிறதா?

இன்னொன்றும் கேளுங்கோ. பூ வாடியதும் இதை வெட்டத்தான் வேண்டுமாம், மேரி அக்கா சொன்னார். அப்போ நீங்கள் வெட்டியதில் பிழையில்லை, மாதம்தான் பிழைத்துவிட்டது. உங்கள் கத்தரிக்கோல் கராஜ் ஆணியில் அப்படியே தொங்குகிறது. பூ முடிந்த கிழமையே அதை எடுத்து, உங்களைப் போலவே நாக்கைக் கடித்துக்கொண்டு வெட்டுவேன். ஆடியில் தொடவே மாட்டேன், இது சத்தியம். கறிவேப்பிலைக்கு வேறு இடம் பார்த்தாயிற்று.

நீங்களும் அங்கே கற்பக தருவைக் கண்டால், பூத்து முடியும்வரை வெட்டாமல் பொறுங்கோ.

உங்கள் மனுசி,
வாணியின் அம்மா
பாபடோயிட்டோய், ஓக்லண்ட்