கட்டம் காட்டாத மெஷின்

பங்குனி 4, ஞாயிறு

காலையிலேயே வெயில். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல மகள் கமலா எழுதுகிறாள். யாருக்கும் காட்டமாட்டேன் என்று சத்தியம் வாங்கியாயிற்று.

முதல் பஸ்ஸில் மகன் முருகேசன். மெட்ராஸ் காலேஜில் கம்ப்யூட்டர் வேலை. பொழுதுபோக்காக அந்த மெஷினுக்குச் சதுரங்கம் பழக்கியிருக்கிறான். நான் சொல்லும் ஆட்டத்தைக் கொண்டுபோவான், அடுத்த ஞாயிறு மெஷினின் பதிலோடு வருவான். காகிதத்தில் வெறும் எழுத்தும் எண்ணும். அவன் படிக்க, நான் பலகையில் காய் நகர்த்த.

இன்று வம்பு. என் மந்திரி போன வழி செல்லாது என்று மெஷின் அடித்திருக்கிறதாம்.

"நீதான்பா மாத்தி ஞாபகம் வச்சிருக்கே."

எனக்கா! என் கல்யாணப் பந்தியில் யார் பக்கத்தில் யார் என்று இன்றும் சொல்வேன்.

"அப்போ கட்டத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுடா."

"யோசிக்கிறதுதான் அதோட வேலை. படம் போடறது வேற வேலைபா. உன் தறி மேல ஓடற ஜக்கார்டு ஓட்டை அட்டையிலியா பூ தெரியுது? புடவையிலதான தெரியுது?"

"புடவைய வுட்டுட்டு அட்டையச் சுத்திக்கினு எவடா மணையில உக்காருவா?"

கமலாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

திங்கள்

தறியில் இழை இரண்டு தரம் அறுந்தது. மனசெல்லாம் மந்திரி. உப்பு வாங்கப் போய்ப் புளி வாங்கி வந்தேன்.

பங்குனி 11, ஞாயிறு

மூட்டம். மழை இல்லை. மெஷின் காய் வைத்திருக்கும் விதத்தைப் பேனாவால் வரையச் சொன்னேன். வரைந்தான். பார்த்ததுமே தெரிந்தது.

"ஏன்டா, ராஜாவுக்கு எதிர்ல ராஜா நிக்கிறான்?"

"எல்லா ஊர்லயும் அப்படித்தான்."

"நம்ம வூட்ல ராஜாவுக்கு எதிர்ல மந்திரிடா! எங்கப்பன் காலத்திலேர்ந்து!"

இத்தனை நாளும் இரண்டு பேரும் வேறு வேறு ஆட்டம் ஆடியிருக்கிறோம். எங்கள் வீட்டு முறையில் முதலிலிருந்து தொடங்கினோம்; முதல் சில ஆட்டத்தை மெஷினுக்காக அவனே ஆடினான்.

"சரிபா. இனிமே கட்டத்தையும் சேத்து அடிக்க வைக்கிறேன்."

வம்பில் ஜெயித்தது நான். மத்தியானம் தறிக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினான். சின்ன வயதுக் குறட்டை அப்படியே.

பங்குனி 18, ஞாயிறு

மூன்று பஸ் வந்தது. அவன் இல்லை. வடித்த சோறு மீந்தது.

செவ்வாய்

தபாலில் காகிதம். கட்டம் கட்டமாகப் படம். காய்க்கு ஒரு குறி, எது எது என்று ஓரத்தில் பேனாவால் குட்டி யானை, குட்டிக் குதிரை. கூடவே ஒரு வரி, கமலா படித்தாள்: இனி அப்பாவே பார்த்துக்கொள்ளலாம், நான் படிக்க வர வேண்டியதில்லை, பதிலைக் கார்டில் போடவும்.

பார்த்ததுமே புரிந்தது. என் குதிரைக்கு ஆபத்து. தப்பிக்க வழியும் தெரிந்தது. சாப்பாடு இறங்கவில்லை.

புதன்

கார்டும் பேனாவுமாகக் கமலா.

"குதிரைய எங்க வைக்கணும், சொல்லுபா."

"படம் ஒண்ணும் புரியலன்னு எழுது. நேர்ல வந்து படிச்சாத்தான் ஆவும்னு எழுது."

"நேத்தே பாத்து எல்லாம் சொன்னியேபா!"

"எழுதும்மா. குதிர அங்கியே இருக்கட்டும்."