கால்குலஸ் ஜூலைக்கு வந்த வருடம்

பௌதிகம்,

பீரோவின் அடித்தட்டைத் துடைக்கும்போது நம் கல்லூரித் திட்டத்தின் தாள்கட்டு கையில் அகப்பட்டது. சைக்ளோஸ்டைல் மை வாடை இன்னும் லேசாக அடிக்கிறது. மூக்கில் ஏறியதும் உன் குரல் கேட்டது: “என்னய்யா கணக்கு, மூஞ்சிய உம்முன்னு வச்சிருக்க?” ஒருவரையொருவர் நடத்தும் பாடத்தின் பெயரால் அழைத்தே நமக்குப் பழகிவிட்டது.

எழுபதுகளின் கடைசி. நம் பள்ளத்தாக்குக் கல்லூரியின் பி.எஸ்ஸி. பௌதிக வகுப்பில் வருடா வருடம் முதலாண்டுப் பிள்ளைகள் பாதிக்கு மேல் தோற்றுக்கொண்டிருந்தார்கள். எல்லாத் துறையும் சேர்ந்து கற்பித்தலுக்கு ஒரே திட்டம் எழுதி அனுப்பும்படி பல்கலைக்கழகம் கேட்டது. அதைப் பார்த்துத்தான் அந்த வகுப்புக்கு அனுமதி நீட்டிப்பார்களாம். வகுப்பு போனால் கூடலூர், வருசநாட்டுப் பிள்ளைகள் மதுரைக்குத்தான் போக வேண்டும். பாதிப் பேரை வீட்டில் அனுப்ப மாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும்.

அதற்கான கூட்டத்தில் ஆளாளுக்குத் தன் துறைத் திட்டத்தை வாசித்தோம். பழியைப் பிள்ளைகள் தலையில் கட்டினோம். நான்தான் உரக்கக் கட்டினேன். “அடிப்படையே இல்லாம வந்தா நாம என்ன செய்ய?”

எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து அனுப்பிவிடலாம் என்றார் பிரின்சிபால். நீ ஒப்பவில்லை. “ஒரு வாரம் அடுத்தவுக கிளாஸ்ல போயி உக்காருவோம் சார். பெறகு எழுதுவோம்.” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வகுப்பை வேவு பார்க்க நீ யார்?

வேண்டாவெறுப்பாகத்தான் உன் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். ஜூலைக் காற்று ஜன்னலைப் பிய்த்துக்கொண்டிருந்தது. வேகத்துக்கான சமன்பாட்டை எழுதிவிட்டு, “இது கணக்குல படிச்சதுதான?” என்று கேட்டாய். பிள்ளைகள் விழித்தார்கள். வருசநாட்டுப் பெண் ஒருத்தி எழுந்தாள். “கணக்கு சார் இன்னும் அங்கன வரல சார். பொங்கலுக்குப் பெறகுதான் வரும்னு சீனியருக சொன்னாக.”

கால்குலஸ். புத்தகத்தில் கடைசியில் இருந்ததால் நான் கடைசியில் நடத்தினேன். நீயோ ஜூலையிலேயே அதை வைத்துப் பாடம் எடுத்தாய். எட்டு வருடம் ஒரே அறையில், ஒரே பிளாஸ்க் டீயைக் குடித்தவர்கள் நாம். இதை மட்டும் ஒருவரையொருவர் கேட்டதே இல்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த கூட்டத்தில் என் மானம் கப்பலேறும் என்று பயந்துகொண்டே வந்தேன். நீ நடந்ததைச் சொல்லிவிட்டு, “நானாச்சும் கேட்டிருக்கணும். கேக்கல” என்று உட்கார்ந்துவிட்டாய். அப்புறம் நான் எழாமல் இருக்க முடியுமா? “கால்குலஸ இந்த ஜூலைக்கே கொண்டாந்துர்றேன்” என்றேன். அதன்பின் கெமிஸ்ட்ரி வாய் திறந்தது, இங்கிலீஷ் வாய் திறந்தது. மூன்றே வாரத்தில் எந்த மாதம் எந்தப் பாடம், எதற்கு முன்னால் எது என்று எல்லாத் துறைக்கும் ஒரே அட்டவணை தயார். பார்வையிட வந்த குழு, இதை எழுதியது யார் என்று கேட்டது. “எல்லாருந்தான்” என்றாய். அது பொய்யில்லை. அனுமதி நீண்டது.

தேர்வு முடிவு வந்தபோது தோற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த வருசநாட்டுப் பெண் இரண்டு பாடத்திலும் முதல் வகுப்பு. நீ வராண்டாவில் என்னை அலாக்காகத் தூக்கிச் சுற்றினாய். “ஜெயிச்சுட்டோம்யா கணக்கு!” பிரின்சிபால் எட்டிப் பார்த்தும் இறக்கவில்லை. என் ஆயுசில் அவ்வளவு பெருமையாக நான் நின்றதில்லை, கால் தரையில் படவில்லை என்றாலும்.

நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். நான் ஓய்வு பெற்றும் வீட்டில் நாலு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் ஒன்று புரியாமல் விழித்தால், எதை முன்னால் நடத்தாமல் விட்டேன் என்று இன்றைக்கும் முதலில் என் நோட்டைத்தான் புரட்டுகிறேன்.