முதல் ஆயிரம் கிலோமீட்டர்

ஐவாருக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். உன் புது பைக் நலம் என்று நேற்றே போனில் சொல்லிவிட்டாய். "புது எஞ்சின் பச்சப்புள்ள மாதிரிடி யோருன். முதல் ஆயிரம் கிலோமீட்டர் முறுக்காம, பக்குவமா பாத்துக்கணும்" என்றாய்.

வேலைக்காக நான் பூடோவுக்குத் தூக்கி வந்த உன் நிஜப் பிள்ளைக்குக் காய்ச்சல். பயப்படாதே, இறங்கிவிட்டது. "அப்பா எங்கம்மா?" என்றாள் நர்ஸ். "எஞ்சினப் பழக்கிட்டு இருக்காரு" என்றேன். "அதுக்குக் காய்ச்சல் வந்தா ராத்திரி முழிப்பாரோ?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ இருக்கும் லில்லஹாமரிலிருந்து இங்கே வரவும் ஆயிரம் கிலோமீட்டர்தான். ஊரைச் சுற்றாமல் இந்தப் பக்கம் ஓட்டு. புது டயர் வழுக்கும், மழையில் மெதுவாக வா. உன் மகளுடைய கம்பளித் தொப்பியை எடுத்து வா. முதல் சர்வீஸை இங்கேயே செய்யலாம். அந்த ஆயிரத்தையும் அங்கேயே ஓட்டி முடித்தால், பிறகு வரவே வராதே.

எழுந்துவிட்டாள், அழுகிறாள்.

யோருன்