ரியோ கிராண்டில் ஒரு ஆடிப் பதினெட்டு

அக்கா,

இன்று டாலஸை ஒட்டிய பிளானோவில், நம்மூர்க் கடையில் மஞ்சள் கயிற்றுக் கட்டைப் பிரித்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியது. சாம்பார் பொடி வாங்கப் போனவள், வெறுங்கையோடு காருக்குத் திரும்பி, கூடப் பிறக்காத அக்காவான உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஆடி அது. உங்கள் க்ரீன் கார்டு நிலுவையில் இருந்தது. அனுமதி வாங்காமல் நாட்டைவிட்டுக் காலை எடுத்து வைத்தால் விண்ணப்பம் போய்விடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதனால்தான் அந்தச் சித்திரையில் உங்கள் அம்மா காரியத்துக்குக்கூட நீங்கள் திருச்சி போகவில்லை. "ஓடுற தண்ணியில அவங்களுக்கு ஒரு விளக்காவது விடணும்டி" என்றீர்கள். டாலஸில் ஓடுவதை ஆறு என்று ஒப்புக்கொள்ளக் காவிரிக்காரியான உங்களுக்கு மனம் வரவில்லை. அதனால் டெக்சாஸின் தெற்கு ஓரம் வரை காரை ஓட்டினேன். புளியோதரை, தயிர்சாதம், அப்பளம் வரை மறக்காமல் எடுத்துவைத்த நாம், பாஸ்போர்ட்டை மட்டும் பத்திரமாக பாங்க் லாக்கரில் வைத்துவிட்டு எல்லைக்குப் போனோம்.

எல்லையாக ஓடும் ரியோ கிராண்ட் ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். நீங்கள் விட்ட விளக்குத் தட்டு நடுவில் ஒரு நாணலில் சிக்கிக்கொண்டது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினீர்கள். நீங்கள் எட்டுவதற்குள் தட்டு விடுபட்டு அந்தக் கரைப் பக்கம் நகர்ந்தது. நீங்களும் பின்னாலேயே போனீர்கள். என் முதுகுக்குப் பின்னால் ஜீப் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அக்கா, நில்லுங்க. அந்தாண்ட மெக்சிகோ. போனா திரும்பி வர முடியாது."

நின்றீர்கள். ஆனால் திரும்பவில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் இரண்டு பிள்ளைகள் வீட்டில் இருக்க, இந்த மனுஷி போய்விடுவாள் என்றே நினைத்தேன். பிறகு ஒரு கை தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு கரையேறினீர்கள்.

எல்லைக் காவலர் பாஸ்போர்ட் கேட்டார். லாக்கரில் இருக்கிறது என்று நான் சொன்னது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. இருவர் டிரைவிங் லைசென்ஸையும் வாங்கிக்கொண்டு ஜீப்புக்குப் போய் ரேடியோவில் பேச ஆரம்பித்தார். நீங்கள் ஈர முந்தானையில் முடிந்திருந்த மஞ்சள் கயிற்றை எடுத்தீர்கள்.

"கையை நீட்டு."

"இப்பவா அக்கா?"

"இப்பதான். நீட்டுடி."

முடிச்சை இறுக்கிக்கொண்டே, அவர் பக்கம் பார்க்காமல் சொன்னீர்கள்: "அங்க நிக்கறப்ப, அப்படியே ஊருக்குப் போயிடலாம்னு இருந்துச்சு. நீ கூப்பிட்டே, வந்துட்டேன்."

அவர் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். இனிமேல் பாஸ்போர்ட் இல்லாமல் இந்தப் பக்கம் வராதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

கார்டு வந்தபோது ஊரில் உங்களுக்கு யாரும் இல்லை. பிளானோவிலேயே இருந்து, பிளானோவிலேயே போய்ச் சேர்ந்தீர்கள். அந்த முறை நான் கூப்பிட்டும் நீங்கள் திரும்பவில்லை.

நான் இப்போது இந்நாட்டுப் பிரஜை. ஆனாலும் விமான நிலையத்தில் அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டும்போது, கவுன்டருக்குக் கீழே என் கை தானாக உங்களிடம் நீள்கிறது, அக்கா.