உன்னிடம் மட்டும் சிரித்த டாக்டர்

இன்று இரத்தம் எடுக்கும் பெண் என் கையில் ஸ்பிரிட்டைத் தடவியதும், அந்த வாசனையோடு நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. உன்மேல் இருந்த பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை.

நீ பென்னலூர்க்காரி. நான் தென்காசியிலிருந்து பிழைக்க வந்து இருங்காட்டுக்கோட்டையில் அறை எடுத்திருந்தவள். இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே லைன். மனம் சில வாரம் பறந்து, சில வாரம் படுக்கையோடு முடங்கிப்போகும் அதே இருமுனை நோய், அதே டாக்டர் அம்மா, அதே மாத்திரை. ஆனால் நீ உள்ளே போனால் சிரிப்புச் சத்தம் கேட்கும். வெளியே வர நேரமாகும். நான் போன வேகத்தில் திரும்புவேன். உள்ளூர்க்காரி என்பதால் உனக்குத் தனிக் கவனிப்பு என்று மனதுக்குள் வெந்தேன்.

அந்த மாத்திரையால் இருவருக்குமே கை நடுங்கியது. டாக்டர் அம்மா அளவை மாற்றியதும் உன் நடுக்கம் நின்றது. எனக்கு நிற்கவில்லை. ஸ்க்ரூ முடுக்கும் இடத்திலிருந்து என்னைப் பேக்கிங்குக்கு அனுப்பிய சூப்பர்வைசர், என் இடத்தில் உன்னை உட்கார வைத்தார். அன்று நான் உன்னோடு சாப்பிடவில்லை.

கம்பெனி பஸ்ஸில் கேட்டே விட்டேன், டாக்டர் அம்மா உன்னிடம் மட்டும் அப்படி என்ன பேசுகிறார் என்று.

“நீ இன்னா சொல்ற அவங்ககிட்ட? பரவால்ல மேடம்னு சொல்லிகினு வந்துட்ற. நான் மாத்திர போடாத நாளக்கூட சொல்லிடுவேன். தூக்கமே வேணாம்னு தோணுது மேடம், ஜோரா கீது, அதான் பயமா கீதுன்னு சொல்வேன்.”

அந்தப் பேச்சு எனக்கு வராதே என்று இன்னும் எரிந்தது. நடுக்கத்துக்குப் பயந்து நானாகவே மாத்திரையைப் பாதியாக ஒடித்து விழுங்கிவந்ததை உன்னிடம்கூடச் சொல்லவில்லை.

பிறகு டெங்கு உன்னைக் கொண்டுபோனது. நான் அழக்கூட இல்லை. நாள்கணக்கில் தூங்காமல் ஓவர்டைம் பார்த்தேன். களைப்பே தெரியவில்லை, ஜோராக இருந்தது. நீ சொன்னது அப்போதுதான் உறைத்தது. தனியாகப் போய் டாக்டர் அம்மா முன் உட்கார்ந்தேன்.

“பாதி மாத்திரதான் போடுதேன் மேடம். கை நடுங்குது, அதான். இப்ப தூக்கமே இல்ல. ஆனா நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு.”

அவர் திட்டவில்லை. பேனாவை வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். மாத்திரையை மாற்றி, இரத்தம் பார்க்கச் சொல்லி, அடுத்த வாரமே வரச் சொன்னார். இப்போது தூக்கம் வருகிறது, நடுக்கம் குறைந்துவிட்டது. நான் வெளியே வரவும் நேரமாகிறது, காத்திருப்பவர்கள் முறைக்கிறார்கள்.

இன்று பேச்சில் உன் பெயர் வந்தது. அவர் கண் கலங்கியது. நான் செத்தால் இப்படிக் கலங்குவாரா என்று தோன்றியது. வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த முறை இதையும் அவரிடம் சொல்லிவிடுவேன்.