கை கூடிவிட்டது

அக்கா,

நாற்காலியில் கிடப்பது உன் கார்டிகன். தைத்து முடித்துவிட்டேன்.

கடையில் எதை எடுத்தாலும் உனக்கு உடம்பு சரியாக இருக்கும், கை இறுக்கும். அதனால்தான் உடம்புக்குச் சின்ன அளவு பேப்பர் பேட்டர்னும் கைக்குப் பெரிய அளவும் எடுத்தேன். "ரெண்டையும் கலந்தா சாக்குதான்டா வரும். பேசாம நைட் ஷிப்டுக்கே திரும்பிப் போ" என்றாய். துணியில் அக்குள் வளைவை இறக்கி வெட்டினேன். கை சுருக்கமில்லாமல் உட்கார்ந்துவிட்டது. போட்டுக்கொண்டு கையைத் தூக்கிப் பார். எங்காவது இறுக்கினால் நாளைக்கே அந்த வேலைக்குப் போகிறேன். இறுக்காது.

சாப்பாடு அடுப்பின் மேல். கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு. நான் அடுத்ததற்குத் துணி வாங்கப் போகிறேன்.

பி.கு.: பொத்தான் ஆம்பளைச் சட்டை மாதிரி வலப் பக்கம் வந்துவிட்டது. தெரியும், ஆரம்பிக்காதே.

இன்னொன்று: ஆபீசில் எந்தக் கடை என்று கேட்பார்கள். வேலைவெட்டி இல்லாத தம்பி வெட்டித் தைத்தது என்று சொல்.