பஞ்சு கோடவுனில் பாடியது நீதான்

நீ பாடிய பாட்டை வேறொருத்தி பாடியதாகப் போட்டிருக்கிறார்கள். நடந்த அநியாயம் இதுதான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

போன வாரம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்றவரின் போனில் நம்முடைய பாட்டு ஓடியது. ‘சங்கு ஊதிருச்சு, சோறு ஆறிருச்சு’ என்று மில் சங்கை வைத்து நீ எழுதி, நீயே மெட்டுப் போட்டுப் பாடியது. போனை வாங்கிப் பார்த்தேன். பாடியவர் என்று செல்வத்தின் மனைவி பெயர் இருந்தது. நெட்டில் ஏற்றியது அவன் மகனாம். அந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது செல்வத்துக்குக் கல்யாணமே ஆகவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. நீ செட்டியார்பட்டியிலிருந்து பஞ்சு மில்லுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாய். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் மோட்டார் ரிப்பேர் கடையில் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். செல்வத்திடம் கீபோர்டு இருந்தது, அதனால் நம் பாட்டுக் குழுவுக்கு அவன் தலைவன். உன் தம்பி டிரம்ஸ். அவன் கூட வருகிறான் என்பதால்தான் உன்னை வீட்டில் விட்டார்கள். பட்டாளத்தில் இருந்த என் மச்சான் ஒரு வெளிநாட்டு கேசட் கொண்டுவந்தான். கொஞ்சிப் பாடாமல், இரண்டே கம்பியை வறட்டு வறட்டென்று அடித்து, எரிச்சலோடு பாடியிருந்தார்கள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் கிட்டார் பழகினேன். எவனும் சொல்லித் தரவில்லை. நீ கேட்டுவிட்டு, “இம்புட்டுத்தானா? எங்க மில்லுல டெய்லி இப்படித்தான கத்துதோம்” என்றாய். மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி உரம் ஏறிய குரல் உனக்கு.

பதிவு செய்ய ஸ்டுடியோவா இருந்தது? ஞாயிற்றுக்கிழமை பஞ்சு கோடவுனில்தான். பஞ்சுப் பொதிகளைச் சுவர் மாதிரி அடுக்கினால் வெளிச்சத்தம் உள்ளே வராது. மைக் ஒன்றுதான். அதனால் சத்தத்தைத் தூரத்தால் அளந்தோம். டிரம்ஸ் பொதிக்குப் பின்னால், கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி சுவரைப் பார்த்து, உன்னை வாசல் பக்கம் தள்ளி நிறுத்தினோம். ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து. கடைசியில் ஒன்று சரியாக வந்துகொண்டிருந்தபோது பஞ்சுத் தூசி ஏறிச் செல்வம் இருமிவிட்டான். நீ நிறுத்தவில்லை. முடிந்த பிறகுதான், “செல்வண்ணே, ஒங்க பொட்டிக்குச் சளி பிடிச்சிருச்சா?” என்று கேட்டாய். அந்த இருமல் இன்றும் பாட்டில் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் வேனில் ஊர் ஊராகப் போனோம். சினிமாப் பாட்டுக்குத்தான் நம்மைக் கூப்பிட்டார்கள். கோயில் கமிட்டிக்காரர்கள் சாப்பிடப் போகும் அந்தச் செத்த நேரத்தில் நம் சொந்தப் பாட்டைச் செருகுவோம். சேத்தூரில் அவர்கள் முதலிலேயே சாப்பிடப் போய்விட்டார்கள். நாமும் முதலில் பாட வேண்டிய சாமி பாட்டை மறந்து சங்குப் பாட்டை எடுத்துவிட்டோம். ஒரு பெரியவர் கையைக் கழுவாமலே ஓடிவந்து, “ஏலே, பிள்ளையார் பாட்டு எங்கலே?” என்று கத்தினார். நீ மைக்கிலேயே, “அவியளும் ஒங்க கூடத்தான் பந்திக்குப் போனாவ அண்ணாச்சி, வந்ததும் பாடுதோம்” என்றாய். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதற்கப்புறம் சேத்தூரில் நம்மைக் கூப்பிடவில்லை. அது வேறு.

கேசட் அட்டை அடிக்கும்போதுதான் வினை வந்தது. என் பெயர், செல்வத்தின் பெயர், உன் தம்பி பெயர் எல்லாம் இருந்தன. பாடியவர் என்ற இடத்தில் மட்டும் ‘குழுவினர்’. “பொம்பளப் பிள்ள பேரு வெளிய வந்தா நாளைக்கு மாப்பிள்ள வீட்டுல ஒரு மாதிரி பேசுவாவ” என்றான் செல்வம். “பேரப் போட்டாத்தான் பேசுவாவளோ? ஊரூராப் போயி மைக்குல கத்துனது அவிய காதுல விழாதாக்கும்?” என்றாய் நீ. உன் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அட்டையை மாற்றினால்தான் வாசிப்பேன் என்றேன். மாற்றவில்லை. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தவன் திரும்பிப் போகவில்லை. நீயும் போகவில்லை. அதோடு குழு முடிந்தது. மறு வருஷம் உனக்குக் கல்யாணம். பிறகு நீ மேடை ஏறவே இல்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தேன். பேச்சுவாக்கில் உன் பாட்டைப் பற்றிச் சொன்னேன். உன் மகள் என்னையே பார்த்தாள். “மாமா, எங்கம்மா பாடுவாவளா? வீட்டுல ஒருநாள் கூடப் பாடிக் கேட்டதில்லையே” என்றாள்.

அதை மனதில் வைத்துக்கொண்டுதான் நேற்று செல்வம் வீட்டுக்குப் போனேன். “அவதான் இப்ப இல்லையேப்பா, விடு” என்றான்.

“அவ இல்லாததுனாலதாம்லே நான் வந்திருக்கேன்.”

அவன் மனைவி உள்ளேயிருந்து வந்து, “நான் பாடலைன்னு அன்னைக்கே பய கிட்ட சொன்னேன் அண்ணே” என்றாள். அவளுக்கு இருக்கும் நியாயம் அவனுக்கு இல்லை.

இத்தனை வருஷத்தில் என்னிடம் மிஞ்சியது உன் குரல்தான். யாராவது குழைந்து பாடினால் இன்றும் எனக்கு ஒட்டுவதில்லை. அதனால் சொல்கிறேன். செல்வத்தின் மகன் தன் அம்மா பெயரை எடுத்துவிட்டு உன் பெயரைப் போட வேண்டும். செல்வம் தன் வாயால், நாலு பேர் முன்னால், பாடியது யார் என்று சொல்ல வேண்டும். உன் தம்பி இந்தத் தடவையாவது தலையை நிமிர்த்தி ஆமாம் என்று சொல்ல வேண்டும். இதெல்லாம் நடக்கும் வரை நான் அவர்கள் வாசலுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். உன் மகள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பஸ்ஸிலோ கடையிலோ அந்தப் பாட்டு ஓடினால், இது எங்கம்மா என்று சத்தமாகச் சொல்ல வேண்டும்.